போன் இல்லாத மேஜை

காலிங் பெல் அலறியது. அவள் கை தானாகக் காதுக்குப் போய், அங்கே இல்லாத ஹெட்போனைத் தேடியது.

அவசர அழைப்பு மையத்தில் அவளுக்குப் போன் எடுக்கும் வேலை. சில மாதங்களாக லீவு. தீப்பிடித்த வீட்டுக்குள்ளிருந்து பேசிய ஒரு பெண்ணின் குரல் பாதி வார்த்தையில் நின்றுபோனது. அன்றிலிருந்து எந்த மணி அடித்தாலும் இவளுக்கு முதுகு நனைந்துவிடும். மன அழுத்தம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார்.

வாசலில் சூப்பர்வைசர் நின்றார். கையில் ஒரு பை நிறைய ஆப்பிள்.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன்மா. உன்னைப் பாத்துட்டுப் போலாம்னு."

சும்மா வருகிற ஆளில்லை. லீவை நீட்டிக்கச் சொல்லி நேற்றுத்தான் கேட்டிருந்தாள். ஆபீசே 'சட்டம்' என்று கூப்பிடும் யூனியன்காரர் அப்போதே போனில் எச்சரித்திருந்தார்.

"வீடு தேடி வருவாங்க. நீ யாரையும் பாக்கணும்னு கட்டாயமில்ல. உடம்பு சரியில்லாம லீவுல இருக்கிறவங்கள வேலையை விட்டுத் தூக்க முடியாது, நம்ம ஒப்பந்தத்துலயே இருக்கு. வேற வேலை கேக்கவும் உரிமை உண்டு. 'போன் இல்லாத மேஜை குடுங்க, அதுவரைக்கும் லீவு.' இதை மட்டும் சொல்லிட்டு வாயை மூடிக்க. காபிகூடப் போட்டுடாத, காபி போடத் தெம்பு வந்துடுச்சுன்னு எழுதிடுவாங்க."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த கணவன் சிரித்தான். "அப்ப எனக்கு ஆயுசு பூரா லீவுதான். காபி போடவே தெரியாதே."

இப்போது அவன் வேலைக்குப் போயிருந்தான். குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியத்தை அவள் தொண்டைக்குக் கொண்டுவந்தாள்.

"சார், எனக்கு..."

"என் நிலைமையையும் பாரும்மா." அவர் நாற்காலியில் சரிந்தார். "ஆள் இல்ல. நானே லைன்ல உக்காரறேன். நேத்து ஒரு குழந்தை, அம்மா எந்திரிக்க மாட்டேங்குறாங்கன்னு..."

முடிக்க முடியவில்லை. மூச்சு இழுத்தது. மார்பைப் பிடித்துக்கொண்டார். நடிப்பில்லை. அந்த மாதிரி மூச்சை எத்தனையோ முறை காதில் கேட்டவள் அவள்.

மையத்தில் ஒரு விதி உண்டு. எதிரில் இருப்பவர் உடையும்போது நம் கதையைப் பேசக் கூடாது, நாமாக லைனைத் துண்டிக்கவும் கூடாது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

"நான் இருக்கேன் சார். மெதுவா மூச்சை விடுங்க. கை மரத்துப்போகுதா? இல்லையா? சரி. கீழ பாருங்க. என்ன தெரியுது?"

"தரை... உன் செருப்பு."

"நல்லது. இன்னொரு தடவை மூச்சு விடுங்க. அவசரமே இல்ல."

குரல் சமமாக, தாழ்வாக வந்தது. முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கைகளில் நகம் சதையைக் கிழித்துக்கொண்டிருந்தது. குனிந்திருந்த அவருக்கு அது தெரிய வழியில்லை. அவர் மூச்சு அடங்கியது. தண்ணீர் குடித்தார், கண்ணைத் துடைத்தார். "நல்லா இரும்மா" என்று எழுந்து போனார்.

கதவைச் சாத்தியதும் அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். சொல்ல வேண்டிய வாக்கியம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கூப்பிடலாமென்று கதவைப் பிடித்து எழுந்தபோது, படிக்கட்டில் அவர் போனில் பேசுவது கேட்டது.

"பாத்துட்டேன் சார். குரல்ல ஒரு நடுக்கம் இல்ல, திங்கக்கிழமையே லைன்ல போட்டுடலாம். அப்ப, நான் கேட்ட லீவு கிடைச்சுடும்ல?"