சிலுவைத் திருநாள் மாவு

அர்கிரோ அன்று காலையில் ஏழாவது தடவையாகத் துணியைத் தூக்கிப் பார்த்தாள். சட்டியில் மாவு நேற்று வைத்தது வைத்தபடியே கிடந்தது. மேலே சிலுவையாகப் பதித்த திருநீற்றுப்பச்சிலை மட்டும் வாடியிருந்தது.

நேற்று திருச்சிலுவைத் திருநாள். கோயிலில் பாதிரியார் ஆசீர்வதித்துக் கொடுக்கும் பச்சிலையை, வெதுவெதுப்பான தண்ணீரில் பிசைந்த மாவின்மேல் வைத்து மூட வேண்டும். வேறெதுவும் சேர்க்காமல் அது தானே புளித்துப் பொங்க வேண்டும். வருஷம் முழுக்க வீட்டு ரொட்டிக்கு அதுதான் புளிமாவு. ரொட்டியோடு போனால் பரவாயில்லை. மாவு பொங்காத வீட்டில் அந்த வருஷம் கேடு வரும் என்று கிரேக்க நாட்டு ஆண்ட்ரோஸ் தீவில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். இந்த வீட்டில் ஒரே ஒரு வருஷம் பொங்கவில்லை. அந்த டிசம்பரில்தான் மாமனாரின் கப்பல் மூழ்கியது.

இப்போது கப்பலில் இருப்பவன் அவள் கணவன் ஸான்னிஸ். ஏதோ ஒரு வடக்குத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தான். அடுத்து அட்லாண்டிக்கைத் தாண்ட வேண்டும். ஞாயிறு தவறாமல் ஃபோன் செய்கிறவன் இந்த ஞாயிறு செய்யவில்லை. இன்று செவ்வாய்.

"மறுபடியும் தொறந்தியா?" மாமியார் கலியோப்பி வாசலில் நின்றிருந்தாள். "சும்மா சும்மா தொறந்தா அதுக்குக் குளிராதா?"

"தொறக்கல அத்தை. துணியச் சரி பண்ணினேன்."

"ஆமாமா, நல்லாப் பண்ணின."

சொல்லிவிட்டு அவளே வந்து துணியைத் தூக்கிப் பார்த்தாள். சட்டென்று மூடிச் சிலுவை போட்டுக்கொண்டாள். ஆலிவ் எண்ணெய்ப் புட்டியை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு விளக்கேற்றப் போய்விட்டாள்.

அவள் தலை மறைந்ததும் அர்கிரோ ரொட்டிக்கடைக்கு ஓடினாள்.

"ஈஸ்ட்டா?" கடைக்காரன் லினார்தோஸ் புருவத்தைத் தூக்கினான். "நேத்துதானே திருநாள்?"

"கேக் பண்ணப் போறேன்."

"எல்லாரும் கேக்குதான் பண்றாங்க. எந்தெந்த வீட்டுல கேக்குன்னு நான் வாயத் தொறந்தா, வர்ற ஞாயித்துக்கிழமை பாதிரியார் தனியாத்தான் பாடணும், தங்கச்சி." நீலக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து பச்சிலையை எடுத்தாள், ஈஸ்ட்டைக் கரைத்து ஊற்றிப் பிசைந்தாள், பச்சிலையைப் பழையபடி வைத்தாள். சாமியை ஏமாற்றுகிறோம் என்று தெரியாமல் இல்லை. ஆனால் மாமியார் மறுபடி அந்தச் சட்டியைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொள்வதை அவளால் தாங்க முடியாது. காகிதத்தை மாவு டப்பாவுக்கு அடியில் செருகினாள்.

திரும்பி வந்த கலியோப்பி தலைத்துணியைக்கூட அவிழ்க்கவில்லை. "மாடியில அத்திப்பழம் காயுதில்ல? போய்த் திருப்பிப் போடு."

"நேத்துதானே போட்டேன்?"

"இன்னைக்கும் போடு. போடின்னா!"

அர்கிரோ ஏறினாள். பழங்களைத் திருப்பினாள், கடலைப் பார்த்தாள், மறுபடி திருப்பினாள். கீழே வரப் பயமாக இருந்தது. மத்தியானம்தான் இறங்கினாள்.

சமையலறையில் சட்டியைக் காணோம். அதாவது சட்டி இருந்தது, மாவுக்குள் இருந்தது. துணியைத் தள்ளிக்கொண்டு மேசையில் வழிந்து, ஆலிவ் காய்க் கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டு, உப்பிலிட்ட மீன்வரைக்கும் போயிருந்தது. ஒரு பொட்டலம் ஈஸ்ட் செய்கிற வேலையா இது! பக்கத்தில் கலியோப்பி திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தாள். அவள் பையிலிருந்து நீலக் காகிதம் எட்டிப் பார்த்தது.

"அத்தை, பையில என்ன?"

"உன் மாவு டப்பாவுக்கு அடியில என்னவோ, அதேதான்."

இருவரும் சிரித்தார்கள். மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கலியோப்பியின் சிரிப்பு பாதியிலேயே உடைந்தது.

"அந்த வருஷம் நான் எதுவும் கலக்கலடி. யோக்கியமா இருந்தேன். கலந்திருக்கலாம்."

அர்கிரோ மாவுக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டாள். அப்போது ஃபோன் அடித்தது. இருவரும் இடித்துக்கொண்டு ஓடியதில் ரிசீவர் கலியோப்பிக்குத்தான் கிடைத்தது.

"ஸான்னிஸ்! ஞாயித்துக்கிழமை ஏன்டா பேசல? உசுரே போயிடுச்சு!"

அர்கிரோ ரிசீவரில் காதை ஒட்டினாள்.

"இந்தத் துறைமுகத்துல ஒரு தடவைதாம்மா பேச முடியும்னு சொல்லிட்டாங்க. ஞாயித்துக்கிழமையே பேசிட்டா மாவு என்னாச்சுன்னு எப்படித் தெரியும்? சாயங்காலம் கப்பல் கெளம்புது. அது தெரியாமக் கெளம்ப மனசு வரல." கொஞ்சம் தயங்கினான். "பொங்குச்சா?"

மூன்று நாள் அவர்களை வாட்டிய மௌனத்துக்கும் இந்த மாவுதான் காரணம். கலியோப்பி மருமகளைப் பார்த்தாள். அர்கிரோ ரிசீவரைப் பிடுங்கினாள்.

"மேசையெல்லாம் வழிஞ்சு ஓடுதுங்க. இவ்ளோ நான் பாத்ததே இல்ல."

"நெசமா?"

"அம்மா மேல சத்தியமா."

மறுமுனையில் அவன் விட்ட பெருமூச்சு இருவருக்கும் கேட்டது. தொடர்பு அறுந்த பிறகும் அர்கிரோ ரிசீவரை வைக்கவில்லை.

"என் மேலயா சத்தியம் பண்ணின?" என்றாள் கலியோப்பி. "சரி, பச்சிலை மீதி இருக்கா?"

"ஒரு கொத்து இருக்கு."

"தண்ணி சுட வை. அவன் கரை சேர்றதுக்குள்ள இதை நெசமாக்கணும்."

புதுச் சட்டியில் மாவும் தண்ணீரும் மட்டும் பிசைந்தார்கள். பச்சிலையைச் சிலுவையாக வைத்தார்கள். கலியோப்பி இரண்டு நீலக் காகிதங்களையும் அடுப்பில் போட்டாள். பிறகு ஆளுக்கொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, சட்டியின் இரு பக்கமும் உட்கார்ந்தார்கள்.

"கையை மேசை மேலயே வையி," என்றாள் கலியோப்பி, தன் கைகளையும் எடுத்து வைத்தபடி.