வீரனுக்கு விட்ட குஞ்சு

கூடைக்குள் கையை விட்டு, அகப்பட்ட ஒரு குஞ்சை வெளியே எடுத்தாள் வினோதா. பொரித்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. உள்ளங்கையில் சூடு தெரிந்ததே தவிர கனம் தெரியவில்லை. இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டாள். தலையை நிமிர்த்திப் பார்த்தால் சேவல், கழுத்தைத் தொங்கப் போட்டால் பெட்டை. மாமியார் பங்கஜவல்லி அப்படித்தான் பார்ப்பாள். கோட்டுச்சேரிப் பக்கம் பலரும் அப்படித்தான் பார்க்கிறார்கள். குஞ்சு தலையை நிமிர்த்தியது. நிமிர்த்தியது போலத்தான் இருந்தது. அப்போது வினோதாவின் கை வெடவெடவென்று உதறிக்கொண்டிருந்ததால், குஞ்சு தானாக நிமிர்ந்ததா, கை உதறியதில் நிமிர்ந்ததா என்று இன்றைக்குக் கேட்டால் அவளால் சத்தியம் செய்ய முடியாது.

கை உதறியதற்குக் காரணம் இருந்தது. அன்று காலையில்தான் கீழவாஞ்சூர் துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றி வந்த டிப்பர் லாரி ஒன்று டயர் வெடித்து வாய்க்காலில் கவிழ்ந்தது. ஓட்டியது அவள் கணவன் கலைவாணன். தொடை எலும்பு முறிந்து, முகமெல்லாம் கரியாக, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தான். ஆபரேஷன் முடிந்தாலும் நடப்பது சந்தேகம்தான் என்று யாரோ ஒரு புண்ணியவான் வராந்தாவில் நின்று சொல்லிவிட்டுப் போனான். அதைக் கேட்ட வினோதா அங்கே நிற்கவில்லை. நேராக வீட்டுக்கு வந்தவள் குஞ்சோடு வயல் ஓரத்து வீரன் கோயிலுக்கு ஓடினாள். “வீரா, அவுரு எந்திரிச்சு நடக்கட்டும். என் கையால வளத்த சேவல ஒனக்குக் குடுத்துடுறேன்” என்று வேண்டிக்கொண்டு, குஞ்சின் வலது கால் சுண்டு விரல் நகத்தை நறுக்கினாள்.

நகம் நறுக்கியாகிவிட்டால் அது வீரனின் சொத்து. விற்கக் கூடாது, வேறொன்றை மாற்றிக் கொடுக்கக் கூடாது. இந்தக் குடும்பத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஒரு தடவையாவது கூவிய சேவலைத்தான் கொடுக்க வேண்டும். விடிவதற்கு முன்னால் ஊரைச் சுற்றி வருகிற சாமிக்கு ஊமைக் கோழி எதற்கு என்பாள் பங்கஜவல்லி.

வீரன் தன் பங்கை ஒழுங்காகச் செய்துவிட்டார். தொடைக்குள் கம்பி வைத்து, நாலரை மாதத்தில் கலைவாணன் ஊன்றுகோலையும் விட்டுவிட்டு நடந்தான். வினோதாவின் பங்குதான் இழுத்தடித்தது. கூடப் பிறந்த குஞ்சுகளெல்லாம் இன்னது என்று எப்போதோ தெரிந்துவிட்டன. சேவல்கள் கூவித் தொலைத்தன, பெட்டைகள் முட்டைக்கு இடம் தேட ஆரம்பித்துவிட்டன. வீரனுக்கு விட்ட இந்தக் கருப்புக் குஞ்சு மட்டும் எதிலும் சேரவில்லை. தெருவில் திரியும் சண்டைச்சேவல் ஏதோ ஒன்றின் வழி வந்தது போலிருக்கிறது. காலைப் பார்த்தால் சேவல், வாலைப் பார்த்தால் பெட்டை. கொண்டை பட்டாணி அளவில் தலையோடு ஒட்டிக் கிடந்தது. கூவவும் இல்லை, கொக்கரிக்கவும் இல்லை.

பக்கத்து வீட்டுக் கமர் நிஷா முப்பது வருஷமாகக் கோழி வளர்ப்பவள். அவள் பறவையை மடியில் போட்டுக் கழுத்து இறகைக் கோதிக் கோதிப் பார்த்தாள்.

“சேவலா இருந்தா கழுத்து எறகு கூரா வந்திருக்கணும் வினோதா. இது வட்டமாத்தான் இருக்குது. பெட்டைதான்.” இன்னும் கொஞ்சம் கோதிவிட்டு, “இந்தா, இங்க ரெண்டு கூராவும் இருக்குது. அல்லாவுக்குத்தான் வெளிச்சம்” என்று கையில் திருப்பிக் கொடுத்தாள்.

கோழிகளுக்குத் தடுப்பூசி போட வந்த மதியழகன், இன்னும் இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள் என்றான். அவன் அப்படிச் சொல்வது இது மூன்றாவது தடவை.

கலைவாணனுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. நான்கு மாதம் படுத்த படுக்கையில் செல்போனைப் பார்த்துப் பார்த்து அவன் கோழி விஷயத்தில் கரை கண்டிருந்தான். “ஜப்பான்ல இதுக்குன்னே படிச்சவங்க இருக்காங்கம்மா. பொறந்த அன்னிக்கே பின்னாடி பாத்துச் சொல்லிடுவாங்க. இது சேவல்தான். எழுதித் தர்றேன்” என்று அம்மாவிடம் சொல்வான். லாரி முதலாளி செம்பியன் போன் செய்தாலும் அதையேதான் சொல்வான். “இந்தா கூவிடும்ணே, சாமி கடன முடிச்சிட்டு மறுநாளே வண்டி எடுத்துடுறேன்.”

கடன் தீராமல் அவன் ஸ்டேரிங்கைத் தொடக் கூடாது என்று பங்கஜவல்லி தீர்மானமாகச் சொல்லிவிட்டிருந்தாள். பெட்டையாகப் போனால் வீரனிடம் மன்னிப்புக் கேட்டு, புதிதாக ஒரு குஞ்சுக்கு நகம் நறுக்கி, மறுபடியும் முதலிலிருந்து காத்திருக்க வேண்டியதுதான். அவ்வளவு நாள் செம்பியன் பொறுக்க மாட்டார். அமாவாசை வரைக்கும்தான் வண்டி உனக்கு, அப்புறம் வேறு ஆள் போட்டுவிடுவேன் என்று அவரும் சொல்லிவிட்டார். ஆக, கலைவாணன் மறுபடி லாரி ஏறுவதும் ஏறாததும் ஒரு கோழி வாயைத் திறப்பதில் வந்து நின்றது.

முதலில் வினோதாவும் அது சேவலாகத்தான் இருக்க வேண்டும் என்று வேண்டினாள். பிறகு எந்த நாளில் மனசு மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை. காரைக்கால் ஜவுளிக்கடையில் எட்டு மணி நேரம் நின்று புடவை விரித்துவிட்டுப் பஸ் இறங்கி வந்தால், வாசலில் கலைவாணன் உட்கார்ந்திருப்பான். சோறு வடித்திருக்கும். கொடியில் கிடந்த துணி மடித்திருக்கும், கோணல்மாணலாகத்தான், ஆனால் மடித்திருக்கும். பதினோரு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவனைப் பகல் வெளிச்சத்தில் இத்தனை நாள் சேர்ந்தாற்போல் பார்த்ததே இல்லை. போன் அடித்தால் பதறாமல் எடுக்கலாம் என்பதே அவளுக்குப் புதிய சுகமாக இருந்தது. இந்த ஆள் திரும்பவும் அந்தக் கரி லாரியில் ஏறி உட்காருவதை நினைத்தாலே கையும் ஓடாது காலும் ஓடாது.

அதற்காக வீட்டிலேயே வைத்துக்கொள்ளவும் முடியாதே. அவள் ஒருத்தி சம்பாத்தியத்தில் எத்தனை நாள் ஓடும்? ஆம்பிளையை வேலைக்குப் போகவிடாமல் அடைகாக்கிறாள் என்று நாளைக்கு நாலு பேர் பேச மாட்டார்களா? அவனுக்கும்தான் போக வேண்டும் என்று எவ்வளவு துடிப்பு! காலையில் கடைக்குப் போகும் பஸ்ஸில், வீரா, அதைச் சேவலாக்கிவிடு என்று வேண்டுவாள். சாயங்காலம் திரும்பும் பஸ்ஸில், பெட்டையாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்பாள். ஒரே நாளில் இரண்டு விதமாக மனுப் போட்டால் சாமிதான் என்ன செய்யும்? ஒருவேளை அதனால்தான் கோழி இரண்டுமில்லாமல் நிற்கிறதோ என்று ஒருநாள் அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் சிரிப்பு வந்தது, உடனே பயமாகவும் இருந்தது.

அமாவாசைக்கு மூன்று நாள் முன்பு கருப்பைத் தூக்கிக் கொல்லையில் வைத்து மறுபடி கால்களைப் பிடித்துத் தொங்கவிட்டுப் பார்த்தாள். வளர்ந்த கோழியை அப்படிப் பார்ப்பது பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தேதான் செய்தாள். அது இறக்கையை அடித்து அவள் முகத்தில் ஒரு அறை விட்டுவிட்டு ஓடியது.

“என்னடி பண்ற அத?” என்று பங்கஜவல்லி உள்ளிருந்து கேட்டாள்.

“ஒண்ணுமில்ல அத்த. எனக்கென்னமோ பெட்டன்னுதான் தோணுது.”

“ஒனக்கு அப்படித் தோணுதா, இல்ல அப்படி இருக்கணுமா?”

வினோதா முகத்தில் ஒட்டியிருந்த இறகைத் தட்டிவிட்டாள். மாமியாருக்கு இதெல்லாம் எப்படித்தான் தெரிந்துவிடுகிறதோ என்று எரிச்சலாக வந்தது. கொல்லைப்படியில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்த கலைவாணன் தலை நிமிராமலேயே, “சேவல்தாம்மா, எத்தன தடவ சொல்றது” என்றான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கடை கிடையாது என்றாலும் பழக்க தோஷத்தில் வினோதாவுக்கு ஐந்தரைக்கே விழிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் பாய் காலியாக இருந்தது. பாத்ரூம் போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டு பால் காய்ச்ச அடுப்பைப் பற்ற வைத்தபோது அந்தச் சத்தம் கேட்டது. தொண்டை கட்டியவன் பாட்டுப் பாடிப் பார்ப்பது போல, பாதியில் உடைந்து, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாத கூவல். கொல்லைப்பக்கம்தான். சொந்தக் கொல்லைதான். அடுப்பை அணைத்தாளா என்றுகூட நினைவில்லாமல் வெளியே வந்தாள்.

கலைவாணன் அங்கே நின்றிருந்தான். கூடையைக் கவிழ்த்துக் கருப்பை உள்ளே போட்டு, கூடையின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றி அழுத்திக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கையை எடுக்க நினைத்தான். எடுக்கவில்லை.

“என்னங்க, நம்ம கருப்பா கூவுச்சு?”

“இல்லியே.” அவன் பக்கத்து வீட்டுப் பக்கம் தலையை ஆட்டினான். “கமர்க்கா வீட்டுச் சேவல்.”

கமர் நிஷா வீட்டுச் சேவல் போன வாரமே அவள் மகள் மறுவீட்டுக்கு வந்தபோது குழம்பாகிவிட்டது. அந்தக் குழம்பில் இரண்டு துண்டு கலைவாணனும்தான் தின்றான். வினோதா அவன் முகத்தைப் பார்த்தாள். சேவல்தான், எழுதித் தருகிறேன் என்று ஊர் முழுக்கச் சொன்ன மனுஷனின் முகம் அது இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அன்றைக்குக் கரிக்கு நடுவே பார்த்த முகம். இத்தனை நாளும் இந்தப் பயத்தையா உள்ளே வைத்திருந்தாய், வண்டி ஏறத் துடிக்கிறாய் என்றல்லவா நான் நினைத்தேன் என்று சொல்லத் தோன்றியது. அவளுக்கு அழுகை முட்டியது. அப்பாடா என்றும் இருந்தது. அப்படி இருந்ததை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. எது எதற்கு என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

“ஆமாங்க” என்றாள். “அவங்க வீட்டுதுதான்.”

அவன் சட்டென்று அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டான். அவன் கைகள் கூடையை விட்டு வரவில்லை. வினோதா பக்கத்தில் போய்க் குந்தினாள்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. பங்கஜவல்லி எழுந்துவிட்டாள்.

“யாருடி அது கூவுனது, நம்ம சேவலா?”

வினோதாவும் ஒரு கையைக் கூடையின் மேல் வைத்தாள். கூடையின் பிரம்பு இடுக்கு வழியாக உள்ளே தெரிந்தது. கருப்பு இரண்டு காலையும் அகட்டி ஊன்றிக்கொண்டு, இறக்கையை ஒரு தடவை படபடவென்று அடித்து, கழுத்தை நீட்டி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டிருந்தது.