தலைவரின் இடது பின் சில்லு

தில்லைநாதனின் காருடைய இடது பின் சில்லு, ராக்காயியின் வேலிப் படலையைக் கடக்கும்போது மட்டும் சுழலாமல் நின்றது. கார் நிற்கவில்லை. மற்ற மூன்று சில்லுகளும் வழமைபோல ஓடின. நான்காவது, பஸ்சுக்குக் காத்து நிற்பவரைப் போல நின்றபடியே, ரயர் தேயாமல், மண்ணில் ஒரு கோடும் கீறாமல் கூடவே வந்தது. அவளுடைய வேலி முடிந்ததும் மறுபடி சுழலத் தொடங்கியது. அந்த ஒழுங்கையில் இருந்த எல்லோரும் இதைப் பார்த்திருந்தார்கள். மாடுகள்கூடப் பார்த்துப் பழகித் தலை தூக்குவதை விட்டிருந்தன. பார்க்காதவர் காருக்குள் இருந்த தில்லைநாதன் மட்டுமே. அந்த இடம் வந்தால் முன்னால் ஏ.பி.எஸ். விளக்கு மஞ்சளாக எரிகிறது என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது.

அவர் தர்மபுரத்துக்கு அப்பாலுள்ள ஒரு குடியேற்றத்தில் கமக்காரர் அமைப்பின் தலைவர். அவருடைய தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டியவர். வாய்க்காலின் தலைப்பில் காணி கிடைத்தது. ராக்காயியின் குடும்பம் எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து அதே காட்டைத்தான் வெட்டியது. காணி வாய்க்காலின் கடைசியில் கிடைத்தது. அவளுடைய படலைக்கு நேரெதிரே, இரண்டு சீமெந்துத் தூண்களுக்கிடையில், தண்ணீரை மறிக்கும் பலகை நின்றது. அதைத் தூக்குவதும் இறக்குவதும் தலைவரின் பொறுப்பு. ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் கூட்டம் வைத்து, கடைசிக் காணிகளுக்கு இம்முறை தண்ணீர் நிச்சயம் என்பார். எல்லோரும் கைதட்டுவார்கள். பலகை மட்டும் எழும்பாது. அவர் கெட்டவர் அல்லர், மறந்துவிடுவார். அந்த மறதி பருவமழையை விட ஒழுங்காக வந்தது.

காரின் பழுதைப் பார்த்தவள் கிளிநொச்சியில் கராஜ் வைத்திருந்த சுதாஜினி. தொழில்நுட்பக் கல்லூரியில் வாங்கிய பதக்கத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தவள்; தன் கெட்டித்தனத்தில் அவளுக்குச் சந்தேகம் கிடையாது. காரில் கணினியைக் கொழுவிப் பார்த்துவிட்டு விளக்கினாள்: "சில்லு என்ன வேகத்தில சுத்துது எண்டு சொல்லுறதுதான் இந்தச் சென்சர், ஐயா. பிரேக் பிடிக்கேக்க சில்லு இறுகி வழுக்காமல் இருக்க அந்தக் கணக்கு வேணும். இது இடைக்கிடை பேசாமல் இருக்குது." சென்சரை மாற்றினாள். ராக்காயியின் படலையில் விளக்கு எரிந்தது. சில்லுக்குள் இருந்த பல் வளையத்தைத் துருப்போகத் தேய்த்தாள். எரிந்தது. இடதுபக்கச் சென்சரைக் கழற்றி வலதுபக்கத்தில் பூட்டினாள். பழுது சென்சரில் என்றால் அதுவும் கூடவே வலதுக்குப் போகவேண்டும். போகவில்லை. வயரை நுனியிலிருந்து அடிவரை வளைத்தும் உலுக்கியும் பார்த்தாள். கராஜில் எல்லாம் சரியாக இருந்தது, வைத்தியரைக் கண்டதும் மறைந்துபோகும் பல்வலி போல. இதற்கிடையில் தில்லைநாதனின் மனைவி விமலேஸ்வரி காருக்கு எலுமிச்சங்காய் கட்டினார். கனடாவிலிருந்த மைத்துனர் வீடியோவில் காரைப் பார்த்து, வன்னித் தூசிதான் காரணம் என்று தீர்ப்பளித்தார். அவர் அங்கே பனி தள்ளும் வண்டி ஓட்டுபவர்.

கடைசியில் சுதாஜினி கணினியை மடியில் வைத்துக்கொண்டு தில்லைநாதனோடு காரில் போனாள். படலை வந்ததும் மூன்று சில்லுகளுக்கு முப்பது என்றும் நான்காவதற்குச் சைபர் என்றும் திரை காட்டியது. காரை நிறுத்தச் சொல்லி இறங்கி, கீரை ஆய்ந்துகொண்டிருந்த ராக்காயியிடம் போனாள்.

"அக்கா, நாங்கள் திருப்பி வாறம். இந்தச் சில்லு சுத்துதோ எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுறியளோ?"

"பாக்க என்னா இருக்கு தங்கச்சி. அது இங்கன சுத்தாது. கார் வந்த நாள்லேருந்து நின்னுக்கிட்டேதான் போவுது."

"ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்ல?"

"தண்ணி வரலேன்னும்தான் சொன்னோம்," என்றாள் ராக்காயி.

சுதாஜினி கார் ஓட ஓட யன்னலால் தலையை நீட்டித் தானே பார்த்தாள். முகம் கறுத்தது. இத்தனை நாளும் தான் பதக்கத்தோடு பிழை விட்டதுதான் அவளைச் சுட்டது.

"சென்சர் பொய் சொல்லேல்ல, ஐயா. சில்லு நிக்குது. நிக்குது எண்டு அது சொல்லச் சொல்ல, நாங்கள் அந்தச் சென்சரையே பிடுங்கிப்போட்டு வேற ஒண்டைப் பூட்டினம்."

தில்லைநாதன் மஞ்சள் விளக்கை விரலால் தட்டிக் காட்டினார். "அப்ப அந்த லைட்டைக் கழட்டிவிடு பிள்ளை."

"லைட் எரியாமல் இருக்க ஏ.பி.எஸ்ஸையே கழட்டவேணும், பிறகு பிரேக் சரிவராது. மழைக்குள்ள வழுக்கும்."

அவள் கழற்றவில்லை. வீதியின் எதிர்ப்பக்கமிருந்த கராஜில் கழற்றினார்கள். அதன் பிறகு பழுது தீர்ந்துவிட்டதென்று அவர் ஊரெல்லாம் சொன்னார்.

கார்த்திகை மழையில், கடைசிக் காணிகள் பற்றிப் பேசவேண்டிய ஒரு கூட்டத்துக்குப் போகும் வழியில், ராக்காயியின் படலையடியில் ஒரு எருமை குறுக்கே வந்தது. தில்லைநாதன் பிரேக்கை மிதித்தார். கார் சேற்றில் வழுக்கித் தூண்களையும் பலகையையும் இடித்துத் தள்ளிக்கொண்டு வாய்க்காலுக்குள் சரிந்தது. எருமை போய்விட்டது. ராக்காயியும் அயலவரும் அவரை இழுத்தெடுத்தார்கள். காயமில்லை. அவள் கொடுத்த சாரத்தைக் கட்டிக்கொண்டு, தேத்தண்ணிக் கோப்பையோடு கரையில் நின்று, அந்தப் படலையடியில் தன் காரை முதன்முறையாக வெளியிலிருந்து பார்த்தார். எஞ்சின் நின்றிருந்தது. வானத்தைப் பார்த்துக் கிடந்த இடது பின் சில்லு தன்பாட்டில் வேகமாகச் சுழன்றுகொண்டிருந்தது. கீழே தண்ணீர் கடைசிக் காணிகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"இது சுத்துதெல்லே," என்றார் அவர் மெதுவாக.

"இப்ப சுத்தும்ங்க," என்றாள் ராக்காயி.

காரைத் தூக்காமல் பலகை போட முடியவில்லை. எஞ்சின் நின்ற காரில் சில்லு சுழல்வது விபத்தா பழுதா என்று காப்புறுதிக்காரர் முடிவுசெய்யாமல் காரைத் தூக்கவும் முடியவில்லை. அவர்கள் இன்னும் முடிவுசெய்யவில்லை. போகங்கள் வந்துபோயின, கடைசிக் காணிகள் விளைந்தன. தண்ணீருக்காகத் தன் காரையே ஈந்தவர் என்று தில்லைநாதன் மேடையில் தன்னைப் பற்றிச் சொல்லி, போட்டியின்றி மறுபடி தலைவரானார். காற்றில்லாத நாட்களில் சனம் உழுந்தையும் பயறையும் கொண்டுவந்து அந்தச் சில்லின் காற்றில் தூற்றுகிறது. தலைப்புக் காணிக்காரரும் சாக்குகளோடு வரிசையில் நிற்கிறார்கள். சுதாஜினி இடைக்கிடை வந்து கிறீஸ் பூசிவிட்டுப் போகிறாள். அவள் வரப் பிந்தினால் சில்லு கிரீச்சிடுகிறது, குழந்தைகள் நித்திரை கொள்ளுதில்லை என்பதுதான் ஒழுங்கையில் இப்போதுள்ள ஒரே முறைப்பாடு.