வாய்மொழி ஒப்புதல்

ஐந்தரைக்கு எழுந்தேன். பல் தேய்த்தேன். டீ போட்டு மாமனாருக்கு ஒரு டம்ளர் கொடுத்தேன். போர்வையை மடித்தேன். எட்டு மணிக்கு மேனேஜர் வந்தார். என் மனைவி இறந்து இருபது நாள். அவர் வருவது மூன்றாவது முறை.

அவருடைய கம்பெனி டிவி சேனல்களுக்குச் செயற்கைக்கோளை வாடகைக்கு விடுகிறது. அதன் கட்டுப்பாட்டு அறையில் அவளுக்கு வேலை. கோள் தன் இடத்தை விட்டு நகர்ந்துவிடாமல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதன் சிறிய எஞ்சினை எரிப்பார்கள். பக்கத்திலேயே இன்னொரு கம்பெனியின் கோள் இருப்பதால், அது எங்கே நிற்கிறது என்று கேட்டுக்கொண்டுதான் எரிக்க வேண்டும். அன்றைக்கு எரித்ததில் கோள் பக்கத்துக் கோளை உரசப் போனது. அதை மீட்பதற்குள் ஐந்து வருட எரிபொருள் போய்விட்டது. அதே காலையில் அவள் நைட் ஷிப்ட் முடிந்து பைக்கில் வந்தாள். பாலத்தில் லாரி மோதியது. ஆறு இருபத்தைந்து.

"மறுபடியும் பழத்தோட வராரு," என்றார் மாமனார், ஜன்னலருகில் நின்று. "குடுத்துட்டு, பல் டாக்டர் மாதிரி நம்ம வாயையே பாத்துட்டு உக்காந்திருப்பாரு."

அது உண்மை. முந்தைய இரண்டு முறையும் மேனேஜர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். "கடைசியா ஏதாவது சொன்னாங்களா தம்பி?" ஒன்றும் சொல்லவில்லை என்றேன். பொய். எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். ஆனால் மற்றவர்கள் கேட்டுவிட்டு அழுதார்கள். இவர் கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

இந்த முறை ஒரு அட்டைப்பெட்டி கொண்டுவந்திருந்தார். அவளுடைய ஸ்வெட்டர், சீப்பு, கண்ணாடிக் கூடு.

"வாங்கிக்கிட்டதா ஒரு கையெழுத்து போதும் தம்பி."

காகிதம் இரண்டு இருந்தது. அடியில் இருந்ததை எடுத்தேன்.

"இது?"

"அதுவும் சும்மா ஃபார்மாலிட்டி. காப்பீட்டுக்காரங்க நச்சரிக்கறாங்க."

படித்தேன். 01:55க்கு என் மனைவி எஞ்சினை எரிக்க வாய்மொழியாக ஒப்புதல் அளித்தார். 02:10க்கு எரிக்கப்பட்டது. இதற்கு மாறாக வீட்டில் அவர் எதுவும் சொல்லவில்லை. கீழே என் பெயர் தட்டச்சாகியிருந்தது.

மாமனார் என் தோளுக்கு மேலாகப் படித்தார்.

"அப்ப அது என் பொண்ணாலதான் கெட்டுப் போச்சா?"

"யாருங்க ஐயா குத்தம் சொல்றா? ராத்திரி ரெண்டு மணி. தூக்கக் கலக்கம். மனுஷங்கதானே."

மாமனார் நாற்காலியில் உட்கார்ந்தார். மகள் இறந்த அன்றுகூட அவர் அப்படி உட்காரவில்லை.

அந்த அறையில் எல்லாமே உலக நேரத்தில்தான் ஓடும். எங்கள் கடிகாரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முந்தியது. கல்யாணமான புதிதில் அவளுடைய ஷிப்ட் அட்டவணையைப் பார்த்து, அழைத்துவர ஒன்பது மணிக்குப் போய், மதியம் இரண்டரை வரை வாசலில் நின்றிருக்கிறேன். மேனேஜர் விற்பனைப் பிரிவிலிருந்து வந்தவர். ஷிப்ட் பார்த்தவரில்லை. 02:10 இயந்திரம் பதிந்தது, அதில் யாரும் கை வைக்க முடியாது. 01:55 இவர் போட்டது.

"எஞ்சினை எரிச்சது ராத்திரி ரெண்டு மணிக்கா?"

"ஆமா, போட்டிருக்கே."

"அது உலக நேரம். அஞ்சரை கூட்டணும். இங்க காலையில ஏழு நாப்பது." காகிதத்தைத் திருப்பிக் காட்டினேன். "அவ ஒப்புதல் குடுத்தது ஏழு இருபத்தஞ்சுன்னு வருது. அதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே செத்துட்டா."

அவர் வாட்சைப் பார்த்தார். ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"டைப் பண்றவங்க தப்பு. குடுங்க, மாத்திக் கொண்டாரேன்."

கையை நீட்டினார். மாமனார் காகிதத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"இருக்கட்டும் சார். மாப்பிள்ளை இன்னும் முடிக்கல. நீங்க பழம் சாப்பிடுங்க."

வீட்டில் எதுவும் சொல்லவில்லை என்ற வரியை அடித்தேன். அவள் கடைசியாகப் போனில் பேசியதை நான் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தேன். சொன்னால் பாதி போய்விடும் என்று தோன்றியது. பேனாவைத் திருத்திப் பிடித்து, ஆறு மணிக்குப் பைக்கை எடுக்குமுன் அவள் சொன்னதை, அவள் சொன்னபடியே எழுதினேன்.

"பக்கத்துக் கம்பெனிக்காரங்க இன்னும் பதில் அனுப்பல. அது வராம எரிக்க விடமாட்டேன்னு சொல்லிட்டேன், மேனேஜர் போன்ல கத்தறாரு. கத்தட்டும். வீட்டுச் சாவி எங்கிட்ட இருக்கு, நீ எழுந்து வராதே, தூங்கு."