மணித்தவளைக்காக எழுந்து நின்றார்கள்

“நாம கூப்பிட்டா அது பதில் குடுக்குமா, டாக்டரம்மா?”

மலைமேல் இருந்த ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில், முன்பல் விழுந்த சிறுமி ஒருத்தி பியதாத் சிலுயிசாவிடம் இப்படிக் கேட்டாள். பியதாத் கொண்டுபோயிருந்த ஒலிப்பெட்டியில் மணித்தவளையின் குரல் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. வெண்கல மணியை விரலால் சுண்டியதுபோல ஐந்து தரம். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

“குடுக்கலாம், கண்ணு. காதை நல்லாத் தீட்டி வச்சுக்கோ” என்று சொல்லி, பெட்டியைப் பள்ளிக்கே விட்டுவிட்டு வந்தாள்.

பெட்டிகளைப் பள்ளிகளுக்குக் கொடுக்கும் யோசனையே அவளுடையதுதான். கீத்தோ நகரத்துத் தவளை ஆய்வுச் சங்கத்தின் ஆட்சிக்குழு ஐந்தாண்டுத் திட்டம் ஒன்று வகுத்திருந்தது. உயிரோடிருக்கும் தவளைகளைக் காப்பது அதன் முதல் குறிக்கோள். மலைக்கிராமப் பிள்ளைகளின் காதுகளுக்குத் தவளைக் குரல்களைப் பழக்குவது இரண்டாவது. இதைப் பியதாத் கெஞ்சியும் சண்டை போட்டும் நுழைத்திருந்தாள். “காட்டுல இந்தப் பெட்டியோட போலிச் சத்தம் ஒண்ணு பதிவாச்சுன்னா போதும், அன்னிக்கே எல்லாப் பெட்டியையும் திரும்ப வாங்கிடுவேன்” என்று தலைவர் டாக்டர் ராமிரோ எச்சரித்துத்தான் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாவது குறிக்கோளைப் படிக்கும்போது மட்டும் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். பல வருஷமாகச் சத்தமே கேட்காத நீர்நிலைகளை மூடுவது. மண்ணைப் போட்டு அல்ல. அங்கே போய்க் கேட்பதை நிறுத்திக்கொள்வது. ஆட்கள் கொஞ்சம், உயிருள்ள குளங்களுக்கே காது போதவில்லை. ராமிரோ கல்நெஞ்சக்காரர் இல்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

ஒரு தவளையை இழந்தோம் என்று குழு ஒத்துக்கொள்ளும் நாளில் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அதன் குரல் கூடத்தில் ஒரே ஒரு தரம் ஒலிக்கும். அதன்பிறகு எந்தக் கூட்டத்திலும் அது ஒலிக்காது. சங்கம் தொடங்கிய காலத்து வழக்கம்.

அந்தச் சனிக்கிழமை மணித்தவளையின் முறை.

அனிபால் செவாயோஸை நினைத்துப் பியதாத்துக்கு முதல் நாளே சோறு இறங்கவில்லை. அவர் சங்கத்தின் மூத்த உறுப்பினர், அவளுடைய மகளுக்கு ஞானத்தகப்பன். அந்த உறவில் அவர் அவளைக் கொமாத்ரே என்பார், அவள் அவரைக் கொம்பாத்ரே என்பாள். மணித்தவளையின் குரலை ஏரிக்கரையில் முதலில் பதிவுசெய்தவள் அவருடைய மனைவி லூஸ். லூஸ் கண்மூடிய பிறகும் அவர் மாதம் தவறாமல் அந்த ஏரிக்கு ஏறி, மூடுபனியில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவார். தான் இல்லாத நாட்களுக்காக மரத்தில் ஒரு பதிவுக் கருவியும் கட்டியிருந்தார். அந்த ஏரியை மூடினால் அவருக்கு என்ன மிச்சம்?

ஆனால் அன்று அவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

“என்ன அனிபால் ஐயா, மாப்பிள்ளைக் களை சொட்டுது? பொண்ணு யாரு?” என்றாள் பொருளாளர் நர்சிசா.

“கல்யாணம் இல்லம்மா, ஞானஸ்நானம். செத்துப்போச்சுன்னு நீங்க எழுதி வச்ச பிள்ளைக்கு.” பியதாத்தின் பக்கம் குனிந்து கிசுகிசுத்தார். “இன்னிக்கு உங்க தலைவர் வாய அடைக்கிறேன் பாருங்க, கொமாத்ரே.”

கருவியில் பதிவானதை ஓடவிட்டார். காற்று. புல் உரசும் ஓசை. பிறகு, தூரத்தில், ஐந்து மணிகள்.

நர்சிசா சிலுவை போட்டுக்கொண்டாள். ராமிரோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “காபி குடிச்சிட்டு வந்து ஓட்டெடுப்போம். இனிமே என்ன ஓட்டெடுப்பு, போங்கய்யா!” என்றார்.

பியதாத் மட்டும் அதைக் காதுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். மூன்றாவது மணி, விரிசல் விட்ட மணிபோல, நடுவில் உடைந்தது. பள்ளிப் பெட்டிகளுக்காக லூஸின் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தவள் அவள். அந்த உடைசலை அவள் அறிவாள்.

முற்றத்துக்குப் போய் மலைப்பள்ளி ஆசிரியைக்குப் போன் செய்தாள்.

“ஆமாங்க டாக்டரம்மா, பிள்ளைங்களை ஏரிக்குக் கூட்டிட்டுப் போனேன். பெட்டியையும் எடுத்துட்டுப் போனோம். நீங்க சொன்னதுலேர்ந்து கூப்பிட்டுப் பாக்கணும்னு ஒரே அடம். ஏன், ஏதாவது தப்பாயிடுச்சா?”

அங்கே நடந்ததை எல்லாம் கேட்டறிந்துவிட்டுப் பியதாத் சொன்னாள்: “தப்பு ஒண்ணும் இல்லம்மா. பிள்ளைங்க நல்லா இருக்காங்களா?”

அனிபால் தூண் ஓரமாக நின்று, இலையில் வேகவைத்த சோள ஹூமிதாவைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“கொம்பாத்ரே, இப்படி உட்காருங்க.”

“உட்காருன்னு சொன்னாலே கெட்ட சேதிதான்.”

“அந்த மூணாவது சத்தம்...”

என்ன சத்தம் என்று அவர் கேட்கவில்லை. ஹூமிதாவை இலைக்குள் வைத்து, ஓரத்தை ஒழுங்காக மடித்தார்.

“எனக்கும் கேட்டுது” என்றார். “லூஸோட டேப்பு. எனக்குத் தெரியாதா? ஆனா இந்தக் காது இருக்கே, அதுக்கு வேணுங்கிறதைத்தான் கேக்கும். அப்பன் மாதிரியே பாடற பிள்ளை ஒண்ணு இருக்கக் கூடாதான்னு நெனச்சுட்டேன். யாரு போட்டது?”

“பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க. கூப்பிட்டா பதில் வருமான்னு பாத்திருக்காங்க. வரும்னு ஆசை காட்டினவ நான்தான். நானே உள்ள போய்ச் சொல்லிடறேன்.”

“பதில் வந்துதாமா?”

ஒரு குழந்தையைப் போல அவர் அதைக் கேட்டார்.

“வரலை, கொம்பாத்ரே.”

“ரொம்ப நேரம் காத்திருந்தாங்களா?”

“வாயே திறக்காம, பனி இறங்கற வரைக்கும் உட்கார்ந்திருந்தாங்களாம்.”

“நல்ல பிள்ளைங்க” என்றார் அனிபால். “நல்ல பிள்ளைங்க.”

கூட்டம் மறுபடி கூடியது. பியதாத் கையைத் தூக்கினாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அனிபால் எழுந்துவிட்டார்.

“தலைவரே, என் பதிவை வாபஸ் வாங்கிக்கிறேன். கரையில நானே லூஸோட பதிவைப் போட்டுக் கேட்டுட்டு, அதை மறந்துபோய் வந்துட்டேன். கருவி அதைப் புடிச்சிடுச்சு.”

“அய்யோ ஐயா, உங்க சத்தத்தை நீங்களே வலை போட்டுப் புடிச்சிட்டு வந்தீங்களா!” நர்சிசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்ததும் பாதியில் அடங்கியது.

இந்தத் தொழிலில் இதைவிடக் கேவலமான பிழை கிடையாது. முதலாண்டு மாணவன் செய்தால்கூட வெளியே நிறுத்திவிடுவார்கள். வாழ்நாளெல்லாம் தவளைகளுக்குக் காது கொடுத்த மனிதர், தலை குனிந்து அதை ஏற்றுக்கொண்டு நின்றார். பியதாத் எழப்போனாள். வேண்டாம் என்று அவர் தலையை லேசாக அசைத்தார்.

“இன்னொண்ணு. டாக்டர் பியதாத்தோட பள்ளிக்கூட வேலையை எப்பவும் நிறுத்திடாதீங்க. நம்ம காதெல்லாம் கெழடாயிடுச்சு. இனிமே கேக்கற காது அங்கதான் இருக்கு.”

அவர் சொன்னது பொய்தான். பொய்யைப் பொய் என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் அதனால் அவர் எதையும் சம்பாதிக்கவில்லை. கையில் மிச்சமிருந்த ஒரே நல்ல பெயரையும் கொடுத்துவிட்டார். ஆண்டவர் அதை எந்தக் கணக்கில் வைப்பார் என்பது அவருக்கே வெளிச்சம்.

ஏரியை மூட ஆதரவு தெரிவிப்பவர்கள் கை தூக்கும்படி ராமிரோ கேட்டார். ஒவ்வொன்றாகக் கைகள் எழுந்தன. அனிபாலின் கையும் எழுந்தது.

எல்லோரும் எழுந்து நின்றார்கள். லூஸின் பதிவு ஒலித்தது. இரண்டு மணி. உடைந்த ஒன்று. பிறகு இரண்டு.

நாற்காலிகள் இழுபட்டன. எல்லோரும் உட்கார்ந்தார்கள், அனிபால் மட்டும் நின்றுகொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து நர்சிசா தன் இடத்தைவிட்டு எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்றாள். அவராக உட்கார்ந்த பிறகுதான் அவளும் போனாள்.

மூடிய ஏரியில் கருவி இருக்கக் கூடாது. “அவிழ்த்துட்டு வர வேற யாரையாவது அனுப்பட்டுமா?” என்று ராமிரோ மெல்லக் கேட்டார். “நானே போறேன்” என்றார் அனிபால். ஆனால் சொல்லும்போது அவர் கைகள் தொப்பியைத் திருகிக்கொண்டிருந்ததைப் பியதாத் பார்த்தாள்.

தன் பெயரைக் கொடுத்து அவர் அவள் பெயரைக் காப்பாற்றியிருந்தார். நன்றி சொன்னால் அவர் எழுந்து போய்விடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் அதிகாலைப் பூசை முடிந்ததும், வீட்டில்கூடச் சொல்லாமல் மலைக்குப் பஸ் ஏறினாள். ஏரிக்கரையில் மூடுபனி கவிந்திருந்தது. காகிதம்போலப் பட்டை உரியும் மரம் ஒன்றில் கருவி தொங்கியது. அதன் அடியில், ஒரு ஆள் உட்கார்ந்து உட்கார்ந்து, புல் படிந்து கிடந்தது. அவள் அந்த இடத்தில் உட்கார்ந்தாள். அவர் கேட்பதுபோல, இருமலை அடக்கிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டாள். காற்று மட்டும் வந்தது. கால் மரத்துப்போகும்வரை கேட்டாள்.

பிறகு எழுந்து கயிற்றை அவிழ்த்தாள். பட்டையில் கயிறு இறுக்கிய தடம் ஆழமாக விழுந்திருந்தது. பக்கத்துப் பாறையிலிருந்து ஈரப் பாசியைப் பிய்த்து, அந்தத் தடத்தின்மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டினாள். என்றைக்காவது அவர் இங்கே ஏறிவந்தால் அது கண்ணில் படக் கூடாது.

சுற்றிலும் ஒட்டி முடித்ததும், கருவியைத் தன் சால்வைக்குள் பொதிந்துகொண்டு இறங்கினாள்.