கேசட்டில் போன பூதம்

பட்டுக்கோட்டையிலிருந்து யார் துபாய்க்குக் கிளம்பினாலும், அங்கே வேலைபார்க்கும் கணவன் ஹமீதுக்கு ரசியா பேசிப் பதிந்த கேசட் ஒன்றும் கூடப் போகும். இந்த முறை அவள் அடுப்படியில் இருந்த நேரம் பார்த்து, மகள் ஜஸீலா தன் கதைப் புத்தகத்தை அதில் வாசித்துத் தள்ளிவிட்டாள். நட்சத்திரங்களுக்கு அப்பாலிருந்து வந்து கடலடியில் உறங்கும் பெயரில்லாத பூதம் கண் திறக்கும் இடத்தில் நாடா தீர்ந்துபோனது. துபாய்க்குப் போகிறவரின் வண்டி வாசலில் நின்றதால், ரசியா திட்டிக்கொண்டே அப்படியே கொடுத்தனுப்பினாள்.

அடுத்த மாதம் ஹமீதின் கேசட் வந்தது.

"ரூம்ல ஒருத்தரும் லைட்ட அணைக்க விடமாட்டேங்கிறாங்க. அப்பறம் என்ன ஆச்சுன்னு பாப்பாவப் படிச்சு அனுப்பச் சொல்லு."

புத்தகத்தோடு ஓடிவந்த ஜஸீலாவை ஒதுக்கிவிட்டு, ரசியாவே பொத்தானை அழுத்தினாள்.

"முடிவு எங்கிட்ட இருக்கு. லீவு போட்டு வந்து கேட்டுக்கங்க."