திம்மையா இல்லாமல் கிளம்பாத மிஷின்

திம்மையா மெட்ராஸில் பார்த்த வேலை என்னவென்று பாளையம்பட்டியில் அவன் மனைவி பாலாமணி ஒருத்திக்குத்தான் தெரியும். தெரிந்ததை அவளும் சும்மா வைத்திருக்கவில்லை. குழாயடியில் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லித் தீர்த்திருந்தாள். ஒரு கம்பெனியில் அறை கொள்ளாத கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. அந்த ஒரே மிஷின் தனக்குள் ஏழெட்டு மிஷின் இருப்பதுபோல் காட்டும். உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் தான்தான் முழு மிஷின் என்று நினைத்துக்கொண்டு வேலை செய்யும். அதில் பட்டியல் அச்சடிக்கிற உள் மிஷின் மட்டும் தினமும் காலையில் கிளப்பினால் பாதியில் விழுந்துவிடும். திம்மையா போய் உட்கார்ந்தால்தான் எழுந்து நிற்கும்.

"இல்லாத மிஷினுக்கு இருக்குற புருசன் காவலாக்கும்" என்று அடுத்த வீட்டுப் பெத்தம்மாள் கேலி செய்வாள்.

பாலாமணிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். "படிச்ச இஞ்சினியருக அத்தனை பேரு இருக்காக. இவுக இல்லாட்டி அது கண்ணு முழிக்காது, தெரியுமா?" என்பாள்.

போன வருஷம், எழுபத்தேழு ஐப்பசியில், அவர்கள் மகள் ராமலட்சுமிக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்து வயது. தொண்டை வீங்கி, கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லை. திங்கட்கிழமை தந்தி போனது. 'மிஷின் விழுகிறது. சனிக்கிழமை வருகிறேன்' என்று பதில் தந்தி வந்தது. சனி, ஞாயிறு கம்பெனிக்கு லீவு. சனிக்கிழமை அவன் வந்து இறங்கியபோது பிள்ளையைக் கொண்டுபோய்ப் புதைத்து ஒரு நாள் ஆகியிருந்தது. சொந்தபந்தம் அவனை வாய்க்கு வந்தபடி ஏசியது. பாலாமணி ஒருத்திதான் குறுக்கே நின்றாள். அவர் என்ன செய்வார், அங்கே வேறு ஆள் இல்லையே என்று அழுகையோடு அழுகையாக எல்லோரிடமும் வாதாடினாள். அப்படி வாதாடித்தான் பைத்தியம் பிடிக்காமல் அந்த வருஷத்தை ஓட்டினாள் என்று சொல்ல வேண்டும்.

இப்போது அவளை மெட்ராஸுக்கு அழைத்துப்போக வந்திருந்தான். வேலை நிரந்தரமாகிவிட்டது. பெரம்பூரில் ஓர் அறையும் பிடித்தாகிவிட்டது. திங்கட்கிழமைக்கும் லீவு சொல்லிவிட்டுச் சனிக்கிழமை வந்தவன் ஆர்டரைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து எடுத்துத் தெருவெல்லாம் காட்டினான். திங்கட்கிழமை காலையில் தகரப்பெட்டியும் படுக்கையுமாக இருவரும் அருப்புக்கோட்டையில் மதுரை பஸ்ஸுக்கு நின்றார்கள். தபாலாபீஸ் மொக்கையன் வேர்த்து விறுவிறுத்துச் சைக்கிளில் வந்து இறங்கினான்.

"வீட்டுக்குப் போனேன், இங்கன நிப்பீகன்னு சொன்னாக. மெட்ராஸ்லருந்து, உங்க கம்பெனியிலருந்து டிரங்க் கால் வந்திருக்கு. வெரசா வாங்க."

பஸ் நிற்கிற இடத்தை ஒட்டியே இருந்த தபாலாபீஸில் டெலிபோன் அறைக்குக் கதவு பெயருக்குத்தான் இருந்தது. லைனில் ஒரே இரைச்சல், கத்தினால்தான் அந்தப் பக்கம் கேட்கும். தபால்தலைக்கும் தந்திக்கும் பத்துப் பேர் வரிசையில் நின்றார்கள். பாலாமணி பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அந்த அறையை ஒட்டி நின்றாள்.

"யாரு, சண்முகவேலா? விழுந்துருச்சா? பதறாதப்பா. சொல்றதை எழுதிக்கோ. அது எந்திரிச்சதும் டைப் அடிக்கிற பலகைய சைபர்-ஒண்ணு-எஃப்ங்கிற நம்பர்ல தேடும். நாம குடுத்திருக்கிறது ஒம்பதாம் நம்பர்ல. தேடிக் காணாம விழுந்துருது. கெளப்புறதுக்கு முன்னால ஒம்பதை சைபர்-ஒண்ணு-எஃப்னு மாத்திரு. ஒரே வரி. ஆமா, அம்புட்டுத்தான். அடி, நான் லைன்லயே இருக்கேன்."

கொஞ்ச நேரம் ரிசீவரைக் காதில் வைத்தபடியே நின்றான். பிறகு அவன் முகம் மலர்ந்தது.

"எந்திரிச்சிருச்சா! தெனமும் அடிக்கக்கூட வேண்டாம்ப்பா. ஒரு தடவை பதிவை மாத்தி வச்சுட்டா தானா எந்திரிச்சுக்கும். என்னது, எப்பலருந்தா? மொத மாசமே கண்டுபிடிச்சுட்டேன். பெர்மனன்ட் ஆகட்டும்னு வாயத் தொறக்கல." பெரிதாகச் சிரித்தான்.

சைபரும் எஃப்பும் பாலாமணிக்குப் புரியவில்லை. ஒரே வரி என்பது புரிந்தது. முதல் மாதமே என்பதும் புரிந்தது.

அவர்கள் வீட்டுப் பேச்சு கன்னடம். வெளியாள் முன்னால் வீட்டு விஷயம் பேச நேர்ந்தால் கன்னடத்தில்தான் பேசிக்கொள்வார்கள். வெளியே வந்த திம்மையா, பஸ் வந்துவிடும், வா என்று கன்னடத்தில் கூப்பிட்டான். பாலாமணி அத்தனை பேர் காதிலும் விழும்படி தமிழில் கேட்டாள்.

"இம்புட்டுத்தானா?"

அவன் குரலைத் தாழ்த்திக் கன்னடத்தில் ஏதோ சமாதானம் சொல்லப் பார்த்தான்.

"தமிழ்லயே சொல்லுங்க. போன வருசமும் இந்த போனு இங்கனதான இருந்துச்சு?"

வரிசை மொத்தமும் அவனையே பார்த்தது. கடைசியில் தமிழிலேயே சொன்னான்.

"நான் வெறும் எஸ்.எஸ்.எல்.சி. அந்த ஒரு வரியச் சொல்லிட்டா மறுநாளே வீட்டுக்கு அனுப்பிருவாகன்னு பயந்துட்டேன். காய்ச்சல்தான, எறங்கிரும்னு நெனச்சுட்டேன், பாலா."

சொல்லிவிட்டு நின்ற இடத்திலேயே அழுதான். பயந்த மனுஷன்தான், கொடியவன் இல்லை. கொடியவனாக இருந்தால் வயிறெரியச் சபித்துவிட்டுப் போயிருப்பாள். ஒரு வருஷமாக ஊரோடு சண்டை போட்டுக் காப்பாற்றிய மனுஷனை என்ன சொல்லிச் சபிப்பது?

"வியாழக்கிழமை வரைக்கும் அவளுக்குப் பேச்சு இருந்துச்சு" என்றாள் பாலாமணி. "அப்பா எப்ப வருவாக, எப்ப வருவாகன்னு கேட்டுக்கிட்டே கெடந்தா. அங்க ஒரு மிஷினு தெனமும் விழுந்துரும், அப்பா மட்டும்தான் அதைத் தூக்கிவிட முடியும்னு சொன்னேன். 'அப்ப அப்பா அங்கனயே இருக்கட்டும்மா, அது பாவம்'னுட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டா. பெறகு உங்களைக் கேக்கவே இல்ல."

திம்மையா சுவரோரம் குந்திவிட்டான்.

"நீங்க எனக்குச் சொன்ன பொய்ய, சாகக் கெடந்த பிள்ளைகிட்ட நான்தான சொல்லியிருக்கேன்."

மதுரை பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. பாலாமணி பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பாளையம்பட்டி பஸ் நிற்கிற பக்கமாக நடந்தாள்.